இந்தியத் தட்டு கிழிகிறதா? 100 கி.மீ. ஆழத்தில் இருப்பதை எப்படிப் பார்க்கிறோம்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். "திபெத்துக்கு அடியில் இந்தியத் தட்டு இரண்டாகக் கிழிகிறது என்று செய்தியில் படித்தேன். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையே 12 கி.மீ.தானாம். அப்படியென்றால் 100 கி.மீ. ஆழத்தில் நடப்பதை யார் போய்ப் பார்த்தார்கள்? உண்மையாக இருந்தால் டெல்லியில் குடியிருக்கும் என் தங்கைக்கு ஆபத்தா?" கடைசிக் கேள்விதான் அவரைத் தூங்க விடாமல் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் தாண்டித்தான் அதற்கு வர முடியும். கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? அவர் உண்மையில் கேட்பது இதைத்தான். நல்ல கேள்வி. எங்கள் துறைக்குள்ளேயே இதை அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இமயமலையில் நில அதிர்வுக் கருவிகளை நிறுவி, அவற்றின் பதிவுகளைப் பிரித்துப் படிப்பதுதான் பதினெட்டு வருடங்களாக என் வேலை. என் கைக்குப் பழகியது புவி மேலோட்டின் அடிவரை, அதாவது 80 கி.மீ. ஆழம் வரை. அதற்குக் கீழே உள்ளதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மற்றவர்கள் செய்த வேலையைப் படித்துச் சொல்வது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

12 கி.மீ. கணக்கு சரிதான். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தோண்ட ஆரம்பித்து, 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அந்த ஆழத்தில் வெப்பம் சுமார் 180 டிகிரி. பாறை இளகிக் குழைந்து துளையை மூடப் பார்த்தது. அதற்குமேல் போக முடியவில்லை. திபெத்தில் மேலோடு மட்டுமே 70 கி.மீ.க்கும் அதிகம். எனவே துளை போட்டுப் பார்க்கும் வழி நமக்கு இல்லை.

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி என்ன செய்வார்? பானையைத் தூக்கி, விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். நாங்கள் செய்வதும் இதுதான். தட்டும் வேலையை மட்டும் பெரும்பாலும் நிலநடுக்கம் செய்கிறது. ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ நிலம் அதிர்ந்தால் அதன் அலைகள் பூமிக்குள் புகுந்து, வளைந்து, சில நிமிடங்களில் இமயமலைக்கு அடியிலிருந்து மேலே வருகின்றன. அவற்றில் இரண்டு வகை முக்கியம். பி அலை பாறையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டு வரும். எஸ் அலை பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வரும். மேலோட்டில் பி அலையின் வேகம் விநாடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல், எஸ் அலையின் வேகம் சுமார் மூன்றரை கி.மீ. மேலோட்டுக்குக் கீழே கவசம் (mantle) என்ற அடுத்த அடுக்கு தொடங்கும் இடத்தில் பி அலையின் வேகம் சட்டென்று 8 கி.மீ.க்குத் தாவுகிறது. 1909-இல் குரோவேஷியாவில் நடந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்து இந்தத் தாவலை முதலில் கண்டுபிடித்தவர் ஆந்த்ரியா மொஹோரோவிசிச். அவர் பெயரைச் சுருக்கித்தான் மேலோட்டின் அடி எல்லையை இன்றும் மோஹோ என்கிறோம்.

இமயமலைக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அதற்கும் முன்பே எழுந்துவிட்டது. அது தொடங்கிய இடம் சென்னைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் நில அளவைக்கு அடிப்படையான ஒரு நேர்க்கோட்டை அளந்தார். நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் சர்வே அங்கிருந்துதான் வடக்கே நகர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து, மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் டெல்லிக்கு வடக்கே உள்ள கல்யாணாவுக்கும் இடையிலான தூரத்தை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டபோது வேறு விடையும் வந்தன. வித்தியாசம் 5 வில்விநாடிக்குச் சற்று மேல் (ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி), அதாவது நிலத்தில் சுமார் 160 மீட்டர். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு போன்ற ஒன்றை வைத்துத்தான் செங்குத்தைப் பார்ப்பார்கள். இமயமலை அந்தக் குண்டைத் தன் பக்கம் லேசாக இழுத்திருக்கிறது. கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் மலையின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். குண்டு 15 வில்விநாடிக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சாய்ந்திருந்தது. மலை இருக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை! 1855-இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற பிரிட்டிஷ் வானியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டை எவ்வளவு வெளியே தெரிகிறதோ அதைவிட அதிகமாக உள்ளே மூழ்கியிருக்கும். அதுபோல மலைக்கு அடியிலும் லேசான பாறை வேர் போல ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்றார். அந்த வேரை நில அதிர்வு அலைகளைக் கொண்டு நேரடியாக அளக்க அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

சரி, எப்படி அளக்கிறோம்? ஒரு ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மலைக்கிராமத்தில், சாலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தள்ளி, பாறை தெரியும் இடமாகப் பார்த்து இடுப்பளவு குழி தோண்டுவோம். அடியில் சிமெண்ட் போட்டு, மேலே ஒரு கிரானைட் பலகையைப் பதிப்போம். அதன்மேல் சின்னக் குக்கர் அளவில் ஓர் உருளை. அதுதான் சீஸ்மோமீட்டர். அதன் மூன்று கால் திருகுகளையும் திருகித் திருகி, மேலே உள்ள நீர்க்குமிழி வட்டத்தின் நடுவுக்கு வரும்வரை சமன் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் செதுக்கியிருக்கும் கோடு சரியாக வடக்கைப் பார்க்க வேண்டும். பிறகு காற்றும் வெயிலும் படாமல் தெர்மோகோல் பெட்டியால் மூடி, மண்ணைத் தள்ளிவிடுவோம். வெளியே ஒரு சோலார் பலகை, பேட்டரி, நேரத்தைப் பிடிக்க ஜி.பி.எஸ். ஆன்டெனா. அப்புறம் அதை ஒன்றிரண்டு வருடங்கள் அப்படியே விட்டுவிட வேண்டும். மாடு வந்து சோலார் கம்பத்தில் முதுகு தேய்த்தால்கூடப் பதிவாகும். மழைக்காலத்தில் ஆறு கல்லை உருட்டிக்கொண்டு போகும் இரைச்சல் பதிவை நிரப்பிவிடும். நேபாளத்தில் திரிசூலி ஆற்றின் ஓரம் வைத்த கருவிகளில் விழுந்த அந்த இரைச்சலைக் கொண்டே, ஆற்றின் ஓட்டம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குச் செய்தி.

இப்போது ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 6.5 அளவில் ஒரு நிலநடுக்கம். அதன் பி அலை நம் ஸ்டேஷனுக்கு அடியிலிருந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக, மேலே வருகிறது. மோஹோவைத் தாண்டும்போது அந்த அலையில் ஒரு சிறு பங்கு எஸ் அலையாக மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மோஹோவை விட்டுக் கிளம்புகின்றன. ஆனால் எஸ் மெதுவாக வருவது, அதனால் பின்தங்கி வந்து சேர்கிறது. எவ்வளவு பின்தங்கியது என்பதுதான் எல்லாமே. மேலோடு 35 கி.மீ. தடிமன் என்றால் சுமார் நாலேகால் விநாடி. 70 கி.மீ. என்றால் எட்டரை விநாடிக்குச் சற்று மேல். பதிவில் இது ஒரு சின்ன மேடாகத் தெரியும். செங்குத்து அசைவின் பதிவை வைத்துக் கிடைமட்ட அசைவின் பதிவைக் கணக்கால் வகுத்து, மூல நிலநடுக்கத்தின் சாயலை நீக்கிவிட்டால் அந்த மேடு தெளிவாக எழும். இந்த முறைக்கு ரிசீவர் ஃபங்ஷன் என்று பெயர். சுமார் 3,300 கி.மீ. முதல் 10,000 கி.மீ. தூரம் வரை உள்ள நிலநடுக்கங்கள் இதற்குத் தோதானவை. ஒரே ஸ்டேஷனில் நூறு நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், மேடு மட்டும் நிற்கும். முதன்முதலில் என் சொந்தப் பதிவுகளைக் கூட்டி எட்டாவது விநாடிக்குப் பிறகு அந்த மேட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜார்ஜ் ஏரி சொன்ன வேர் அதுதான்.

இப்படிப்பட்ட ஸ்டேஷன்களைத் தெற்கு வடக்காக வரிசையாக வைத்தால் மோஹோ எப்படிச் சரிகிறது என்று கோடு போட்டுப் பார்க்கலாம். டெல்லிக்கு அடியில் சுமார் 40 கி.மீ.யில் இருக்கும் மோஹோ, லடாக்கின் தங்லாங் லா கணவாய்க்கு அடியில் சுமார் 75 கி.மீ.க்கு இறங்கியிருப்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் இந்த வழியில்தான் காட்டினார்கள். 2002 முதல் 2005 வரை நேபாளத்திலிருந்து திபெத்துக்குள் 800 கி.மீ. நீளத்துக்கு நடந்த ஹை-கிளைம்ப் ஆய்வு இதைவிட நெருக்கமான படத்தைத் தந்தது. இந்திய மேலோட்டின் கீழ்ப்பாதி இமயமலைக்கு அடியில் நுழைந்து, திபெத்தின் மேலோட்டுக்குக் கீழே அடை கொடுத்த பலகை போலச் சாய்ந்து, சுமார் 31 டிகிரி வடக்கு அட்சரேகை வரை போயிருக்கிறது. இமயமலையின் தெற்கு விளிம்பிலிருந்து ஏறக்குறைய 450 கி.மீ. இந்தியா திபெத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது என்று சுவிஸ் புவியியலாளர் எமில் ஆர்கான் 1924-லேயே வரைந்து காட்டியிருந்தார். அவர் கையில் இருந்தது மேற்பரப்புப் பாறைகளின் வரைபடம் மட்டும்தான்.

நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் நாமே தட்டும் வழியும் உண்டு. 1992-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டெப்த் என்ற பெயரில் தெற்குத் திபெத்தில் துளைகளில் வெடி வைத்து, எதிரொலிகளைப் பதிவு செய்தார்கள். 75 கி.மீ. ஆழத்தில் உள்ள மோஹோவைத் தொட்டுத் திரும்பிவர அலைக்கு சுமார் 24 விநாடி ஆகும். அந்த எதிரொலி கிடைத்தது. அதற்கு மேலே, மேலோட்டுக்குள்ளேயே வடக்கு நோக்கி மெல்லச் சாயும் இன்னொரு பளிச்சென்ற கோடும் கிடைத்தது. அதுதான் இமயமலையின் மூலப் பிளவு, இந்தியா நழுவிப் போகும் தளம். இந்த முறையில் அலைநீளம் சில நூறு மீட்டர்தான் என்பதால் படம் கூர்மையாக இருக்கும். ஆனால் செலவு மிக அதிகம்.

அதே இன்டெப்த் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. திபெத்தில் 15 முதல் 18 கி.மீ. ஆழத்தில், அங்கங்கே அளவுக்கு மீறிப் பிரகாசமான எதிரொலிகள். பாறை உருகிய குழம்பு என்றார்கள் ஒரு சாரார். அதை வைத்து, திபெத்தின் நடு மேலோடே பாதி உருகி, பாகு போல மெதுவாக வெளியே வழிகிறது என்ற பெரிய கருத்து வளர்ந்தது. உப்பு நீர் போன்ற திரவம் அடைந்து கிடந்தாலும் இதே எதிரொலி வரும் என்று அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மின்கடத்தும் தன்மையை அளந்தவர்களும் அங்கே ஏதோ திரவம் இருப்பதை உறுதி செய்தார்கள். திரவம் இருப்பது உறுதி. அது எந்தத் திரவம், எவ்வளவு, ஒன்றோடொன்று தொடர்பாக இருக்கிறதா என்பதெல்லாம் இன்னும் வாதத்தில் இருக்கிறது. அலை சொல்வது வேகத்தை மட்டும்தான். அந்த வேகத்துக்குக் காரணம் வெப்பமா, நீரா, பாறையின் வகையா என்பதை அலை தானாகச் சொல்லாது.

இங்கேதான் நம்பிக்கை பற்றிய கேள்வி வருகிறது. நாங்கள் உண்மையில் அளப்பது நேரத்தை. கி.மீ. என்று சொல்வது அந்த நேரத்தை ஒரு வேகத்தால் பெருக்கிய பிறகு. திபெத்தில் எட்டரை விநாடி என்பது யாரும் மறுக்க முடியாத அளவீடு. அதை 70 கி.மீ. என்று மாற்றும்போது பி, எஸ் வேகங்களின் விகிதம் 1.75 என்று எடுத்துக்கொண்டிருப்போம். அது உண்மையில் 1.85 ஆக இருந்தால் ஆழம் எட்டு ஒன்பது கி.மீ. குறைந்துவிடும். மேற்பரப்புக்கும் மோஹோவுக்கும் இடையில் பந்து போலத் துள்ளி வரும் பின்வரவு அலைகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்கலாம். ஆனால் அதே துள்ளல் அலைகள் ஏமாற்றவும் செய்யும். மேலே இருக்கும் ஒரு மண்படுகையின் துள்ளல், ஆழத்தில் இல்லாத ஓர் அடுக்கை இருப்பதுபோலக் காட்டிவிடும். கங்கைச் சமவெளியில் வைத்த எந்த ஸ்டேஷனிலும் இந்தத் தொல்லை உண்டு.

நூறு கி.மீ.க்குக் கீழே பார்க்கப் பயன்படும் டோமோகிராஃபி முறையில் வேறு விதமான சிக்கல். அது மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போன்றது. பல திசைகளிலிருந்து கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனால்தான் உள்ளே இருப்பதன் வடிவம் தெரியும். ஸ்கேன் கருவி உடம்பைச் சுற்றி வரும். நிலநடுக்கங்கள் நமக்காக அப்படிச் சுற்றி வருவதில்லை. இமயமலைக்கு வரும் அலைகளில் பெரும்பங்கு கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. மேற்கிலிருந்து வருவது சொற்பம். அதனால் ஒரு குளிர்ந்த பாறைத் துண்டின் பிம்பம் கதிர்கள் வரும் திசையில் மை கசிந்ததுபோல இழுபட்டு நீண்டுவிடும். அது உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா, கசிவால் சாய்ந்ததுபோலத் தெரிகிறதா என்று அறிய, கணினியில் சதுரங்கப் பலகை போல ஒரு செயற்கைப் பூமியை உருவாக்கி, இதே கதிர்களால் அதைத் திரும்பப் பெற முடிகிறதா என்று சோதிப்பார்கள். நல்ல கட்டுரையில் அந்தச் சோதனைப் படம் கட்டாயம் இருக்கும். செய்தியில் வரும் சிவப்பு நீலப் படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் அதைத்தான் தேடுவேன்.

கருவி வைக்கும் இடத்திலேயே நடக்கும் தவறும் உண்டு. உத்தராகண்டில் ஒரு ஸ்டேஷனின் பதிவில், எந்தத் திசையிலிருந்து அலை வருகிறது என்பதைப் பொறுத்து மேடு மாறி மாறி வந்தது. ஆழத்தில் ஓர் அடுக்கு வடகிழக்காகச் சாய்ந்திருந்தால் அப்படித்தான் வரும். அந்தச் சாய்வை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து மாதிரி உருவாக்கினேன். பக்கத்து ஸ்டேஷன்கள் எதிலும் அது இல்லை என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பனி உருகியதும் போய்ப் பார்த்தால், நான் திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்த திண்ணைக்கு அடியில் பழைய இரும்புக் கம்பிகள் புதைந்து கிடந்தன. என் வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து 20 டிகிரிக்கு மேல் விலகியிருந்தது. கோணத்தைத் திருத்திக் கணக்குப் போட்டதும் சாய்ந்த அடுக்கு மறைந்துபோனது. அன்றிலிருந்து, ஒரே ஒரு ஸ்டேஷனை நம்பி நிற்கும் எந்தக் கூற்றையும், அது என்னுடையதாக இருந்தாலும், நான் எழுதி வெளியிடுவதில்லை.

இனி அந்தக் கிழிசலுக்கு வருவோம். 2023 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கத்தின் கூட்டத்தில் இந்த ஆய்வைப் பற்றிப் பேசினார்கள். அதிலிருந்துதான் செய்தி கிளம்பியது. இடம் தென்கிழக்குத் திபெத், பூட்டானுக்கு வடக்கே. தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களின் பதிவுகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒரே ஸ்டேஷனை நம்பிய வேலை அல்ல இது. இந்தியத் தட்டு என்பது மேலோடும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்தது. ஈரம் ஏறிய பிளைவுட் பலகையில் அடி அடுக்கு மட்டும் பிரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி, அந்தத் தட்டின் கனமான கீழ் அடுக்கு கிழக்குப் பக்கத்தில் பிரிந்து கீழே இறங்குகிறது, மேற்குப் பக்கத்தில் ஒட்டியபடியே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே கிழிசல் விட்டிருக்கிறது என்பது அவர்கள் முன்வைக்கும் படம். நாடு இரண்டாகப் பிளக்கிறது என்று தலைப்பு வைத்தவர்கள் இதைத்தான் அப்படிப் புரிந்துகொண்டார்கள். மேலே நிலத்தில் எதுவும் இரண்டாகப் போகவில்லை.

இதற்கு அவர்கள் காட்டும் சான்றுகள் மூன்று வகை. ஒன்று, எஸ் அலையை வைத்துச் செய்யும் ரிசீவர் ஃபங்ஷன். தட்டின் அடிப்பகுதி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். இரண்டாவது, எஸ் அலை இரண்டாகப் பிரிவது. கவசத்தில் இருக்கும் ஆலிவின் படிகங்கள், பாறை நகரும் திசையில் மரத்தின் இழை போல வரிசையாகப் படிந்துவிடும். இழையோடு அதிரும் எஸ் அலை வேகமாகவும், குறுக்காக அதிரும் அலை மெதுவாகவும் வரும். இடைவெளி ஒரு விநாடி அளவில்தான் இருக்கும், ஆனால் அளந்துவிடலாம். அந்த இழை இடத்துக்கு இடம் மாறினால் அடியில் இருக்கும் பாறையும் மாறியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது எனக்கு மிகவும் அழகாகப் பட்டது. வெந்நீர் ஊற்றுகளில் வரும் ஹீலியம்! ஹீலியம்-3 என்ற வகை கவசத்திலிருந்து வருவது. மேலோட்டுப் பாறையில் அது மிகச் சொற்பம். ஊற்றில் அது கூடுதலாக இருந்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே சூடான கவசம் மேலோட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவின் குளிர்ந்த கீழ் அடுக்கு இடையில் மறித்து நின்றால் அது வர வழியில்லை. திபெத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊற்றுகளின் அளவீடுகளைத் தொகுத்து ஸ்டான்ஃபோர்டின் சைமன் கிளெம்பரரும் உடன் பணியாற்றியவர்களும் 2022-இல் ஓர் எல்லைக்கோடு வரைந்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகள், அலையும் ஊற்றுநீரும், ஒரே இடத்தைச் சுட்டுவதுதான் இந்த ஆய்வின் பலம்.

பலவீனம் எங்கே? எஸ் அலைகள் நீளமானவை. அந்த ஆழத்தில் அவற்றின் அலைநீளம் 20 முதல் 40 கி.மீ. வரும். அந்த அளவுக்குக் குறைவான எதையும் அவற்றால் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு தட்டு 20 கி.மீ. அகலத்துக்குள் செங்குத்தாக வளைந்து இறங்கினாலும், உண்மையிலேயே அறுந்து நின்றாலும் பதிவில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த ஆய்வாளர்களும் கிழிசல் அல்லது வளைவு என்றுதான் கவனமாகச் சொன்னார்கள். அந்த 'அல்லது' செய்தியாகும்போது விழுந்துபோனது. என் கணிப்பைக் கேட்டால், மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஆழத்தில் ஒரு பெரிய மாற்றம் இருப்பதை ஏற்றுக்கொள்வேன். இந்தியத் தட்டு மேற்கே திபெத்துக்கு அடியில் வெகுதூரம் போகிறது, கிழக்கே போகப் போக அந்தத் தூரம் குறைகிறது என்று பழைய டோமோகிராஃபி ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. அப்படி நீளம் மாறும் இடத்தில் தட்டு எங்கோ வளையவோ கிழியவோ வேண்டும். இரண்டில் எது என்பதற்கு இப்போது இருப்பதைவிட நெருக்கமாக, பத்து கி.மீ.க்கு ஒன்றாகக் கருவிகள் வேண்டும்.

கண்டங்களின் தட்டு இப்படி ஆழத்துக்குள் போகுமா என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. லேசான பாறை மூழ்காது என்பார்கள். இந்துகுஷ், பாமிர் மலைகள் அந்தச் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டன. அங்கே 200 கி.மீ.க்கும் கீழே நிலநடுக்கங்கள் வருகின்றன. 2015 அக்டோபர் 26 அன்று வந்த 7.5 அளவு நிலநடுக்கம் அப்படிப்பட்டது. டெல்லியிலும் உணர்ந்தார்கள், உங்கள் தங்கைக்கு நினைவிருக்கலாம். நமக்கு இன்னும் பக்கத்தில், பாலக்காடு முதல் காவிரிச் சமவெளி வரையுள்ள பகுதியைச் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒட்டிய தழும்பு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குப்பம் முதல் பழனி வரை நீண்ட அதிர்வு ஆய்வில் அங்கே மேலோடு 40 கி.மீ.க்குச் சற்று மேல் என்று தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே இமயமலை போல ஒன்று நின்றிருந்தாலும், அதன் வேர் கரைந்து சமமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கடைசியாக, தங்கையைப் பற்றி. 100 கி.மீ. ஆழத்தில் நடக்கும் இந்தக் கிழிசலோ வளைவோ பல லட்சம் ஆண்டுகளில் நகர்வது. அது இருக்கும் இடமும் டெல்லியிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கு மேல் கிழக்கே. அதை நினைத்து ஒரு நாள் தூக்கத்தைக்கூட விட வேண்டாம். வட இந்தியாவுக்கு உண்மையான ஆபத்து, மேலே சொன்ன இமயமலையின் மூலப் பிளவில் இருக்கிறது. ஆழம் பத்து, பதினைந்து கி.மீ.தான். அதன் மேற்பகுதி பூட்டிக் கிடக்கிறது. இந்தியா வருடத்துக்கு சுமார் 2 செ.மீ. அழுத்திக்கொண்டே இருக்கிறது. நூறு ஆண்டுகளில் அது 2 மீட்டர். ஒரு நாள் அது மொத்தமாக வழுக்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்காவில் வழுக்கியது அந்தத் தளம்தான், அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். கிழிசல் செய்திக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி இதற்குக் கிடைத்தால் நான் மகிழ்வேன்.

டெல்லி இமயமலையின் அடிவாரத்திலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. அது நல்லதுதான், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. 1803-இல் உத்தராகண்டின் கர்வால் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சிக் கும்பம் சேதமடைந்தது. தூரத்து நிலநடுக்கத்தின் நீண்ட அலைகள், ஆழமான வண்டல் மண்ணுக்குள் புகுந்தால் பெரிதாகும். காட்மாண்டு பள்ளத்தாக்கில் 2015-இல் நிலம் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊஞ்சல் போல ஆடியது அதனால்தான். டெல்லிக்குள்ளேயே ரிட்ஜ் பகுதியில் கெட்டியான குவார்ட்சைட் பாறை மேலேயே கிடக்கிறது. யமுனையின் கிழக்குக் கரையில் அந்தப் பாறைக்கு மேல் வண்டல் தடிமனாகப் படிந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நிலநடுக்கம் ஒரே மாதிரி இருக்காது. எனவே தங்கையிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வீடு யமுனைக்கு எந்தப் பக்கம், கட்டடம் எத்தனை மாடி, தரைத்தளம் கார் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும்படி விடப்பட்டிருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் ஆமாம் என்றால், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து அந்தத் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணைப் பற்றி என்னால் சொல்ல முடியும், தூணைப் பற்றிச் சொல்ல அவர்தான் வேண்டும். முதல் இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை இங்கே எழுதினால், அந்தப் பகுதியின் மண் எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறேன்.